'ரூடிமென்டரி' என்றால் என்ன? 'பேசிக்' என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. 'பேசிக்' என்றால் அடிப்படை. அதன்மேல் மற்றதைக் கட்டலாம். 'ரூடிமென்டரி' என்றால் ஆரம்ப நிலையிலேயே நிற்பது, இன்னும் வளராதது. பண்படாத, கரடுமுரடான என்ற பொருளுள்ள 'ரூடிஸ்' என்னும் லத்தீன் சொல்தான் இதன் வேர். மரியாதையில்லாத என்ற பொருளுள்ள 'ரூட்' (rude) என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான்.

ஓசூரில் பஸ் போர்டைக் கன்னடத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர், விலை கேட்பவர், அதற்குமேல் பேச வராதவர் நிறையப் பேர். அவர்கள் 'மை கன்னடா இஸ் ரூடிமென்டரி' என்றால் மிகச் சரி. உயிரியலில் முழு வளர்ச்சி பெறாத உறுப்பைக் குறிக்கும். கிவிப் பறவையின் குட்டி இறக்கை அப்படிப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லில் 'இது போதாது' என்ற தொனி இருக்கிறது. ஒகேனக்கல் பரிசலை 'ரூடிமென்டரி போட்' என்று எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும். மூங்கில் பின்னல், ஒரே துடுப்பு, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, பார்வைக்கு எளிமைதான். ஆனால் தட்டையான அடிப்பாகம் இருப்பதால்தான் பாறைகளுக்கு நடுவே ஆழமில்லாத காவிரியிலும் அது மிதந்து போகிறது. அதற்கு 'சிம்பிள்' என்ற சொல்லே பொருத்தம். பிறர் வேலையைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படித்தான்: 'யுவர் ரிப்போர்ட் இஸ் ரூடிமென்டரி' என்றால் அவர் மனம் புண்படும்.

உச்சரிக்கும்போது அழுத்தம் 'மென்' மீது விழ வேண்டும்.