கூட்டத்தைக் கண்டாலே பயம்: அரசு மருத்துவமனையில் எப்படிச் சிகிச்சை பெறுவது?

ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றாலே கை நடுங்கி, பாதியில் திரும்பிவிடுகிறேன் என்கிறீர்கள். சரி, முதலில் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். 14416க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

போனில் பேசவும் நாக்கு எழவில்லையா? சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, அப்படியே வாசியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். "கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது" என்ற ஒற்றை வரிதான் என் தாளில் இருந்தது. மீதியை அவர்களே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. நேரில் போகும் நாளில் அக்காவையோ நண்பரையோ கூட்டிப் போங்கள். வரிசையில் அவர் நிற்கட்டும், நீங்கள் வெளியே மரத்தடியில் இருங்கள். அப்புறம், டாக்டரிடமும் அந்தத் தாளையே நீட்டலாம்.