தம்பியின் கணினியில் 'அட்டாக்' பட்டன்

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் கணினியில் ஏதோ மென்பொருள் ஏற்றியிருக்கிறான், அதில் 'அட்டாக்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தம்பியிடமும் பேசினேன். அவர் ஏற்றியிருப்பது ஸாப். இணையதளத்தில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி. 2010இல் வந்தது, இலவசம். இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் பழகியது. அதை நிறுவுவதில் தப்பே இல்லை.

அதை யார் தளத்தின் மேல் ஏவுகிறோம் என்பதுதான் விஷயம். கல்லூரித் தளம், தெரிந்த கடைக்காரர் தளம் எதுவானாலும் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் அல்லது மோசடி நோக்கம் என்று தெரிந்தால் 66ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் எதில் பழகுவது? ஜூஸ் ஷாப் என்று வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த ஒரு கடைத் தளம் இருக்கிறது. அதைத் தம்பி தன் கணினிக்குள்ளேயே ஓட்டலாம், எவ்வளவு உடைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஸாப்பை 'புரொடெக்டட்' நிலையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் குறித்துக் கொடுத்த தளத்தைத் தாண்டி அது தாக்குதல் எதையும் அனுப்பாது.

விண்டோஸில் ஸாப் முதலில் திறக்கவே இல்லையாம். கல்லூரிப் பாடத்துக்காகப் போட்ட பழைய ஜாவா 8தான் காரணம். ஸாப் ஓட ஜாவா என்ற துணை மென்பொருளில் 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அப்புறம், ஸாப்பின் சான்றிதழை (பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை ஸாப் படிக்க வழிவிடும் கோப்பு) நீங்கள் பேங்க் வேலை பார்க்கும் பிரவுசரில் ஏற்ற வேண்டாம். ஸாப்பே திறந்து தரும் பிரவுசர் போதும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

இப்போதே பெரிய ஃபீஸ் கட்டிச் சான்றிதழ் கோர்ஸில் சேர்க்காதீர்கள். போர்ட்ஸ்விக்கர் என்ற நிறுவனம் இணையத்தில் நடத்தும் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம், அதில் பயிற்சிக்கான தளங்களும் உண்டு. வேலைக்கு எடுப்பவர்களிடம் கருவியை நிறுவத் தெரியும் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த ஓட்டை, எப்படி வந்தது, எதனால் ஆபத்து, எப்படி அடைப்பது என்று தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும். ஸாப் காட்டும் எச்சரிக்கை எல்லாமே உண்மையாகவும் இருக்காது. கையால் சரிபார்க்கும் பொறுமை தம்பிக்கு இருக்கிறதா என்றுதான் நான் பார்க்க விரும்புகிறேன்.

ஜூஸ் ஷாப்பில் மூன்று ஓட்டைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். முதலில் உங்களிடம் படித்துக் காட்டட்டும். உங்களுக்குப் புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.