நனைந்துபோன உறுதி

கேள்வி: யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் எங்களுக்கு நடுமுற்றம் வைத்த ஒரு பழைய நாற்சார் வீடு இருக்கிறது. அப்பாவின் பெயரில் உள்ளது. அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை, கடைசிவரை தங்கச்சியோடுதான் இருந்தார்கள். கனடாவில் உள்ள அண்ணா காசு அனுப்ப, நான் நின்று வீட்டைத் திருத்தினேன். சுவரெல்லாம் புதுச் சீமெந்துப் பூச்சு, நிலத்துக்கு டைல்ஸ். நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறது, ஆனி மாதம் வரை பொறுப்பாராம். வன்னியில், வட்டக்கச்சியில் இருக்கும் தங்கச்சிதான் இழுத்தடிக்கிறாள். வீட்டுக் காணி உறுதிப் பத்திரம் அவளிடம். அதையும் கவனமாக வைத்திருக்கவில்லை. தண்ணீர் பட்டு, மடிப்பெல்லாம் கிழிந்து கிடக்கிறது. வக்கீல் கடிதம் அனுப்பி வாங்கலாமா?
— வவுனியா வாசகர்

பதில்: தம்பி, அந்த உறுதியில் பட்டது எந்தத் தண்ணீர் என்று அவளிடம் கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமமே வெளிக்கிட்டபோது உங்கள் குடும்பமும் வெளிக்கிட்டு வன்னிக்கு வந்திருக்கிறது. அதன்பிறகு நீங்கள் வவுனியாவுக்குப் போய்விட்டீர்கள், அண்ணா கனடாவுக்கு. உங்களைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் வழி கிடைத்தவர்கள் போனார்கள். தங்கச்சி அம்மா அப்பாவோடு நின்றாள். கடைசிச் சண்டையில், 2009 தை மாதம் வட்டக்கச்சியை விட்டவர்கள் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று போனார்கள். தையல் மெசின், சைக்கிள், நெல்மூட்டை என்று ஒவ்வொன்றாக வழிநெடுக விட்டுவிட்டுத்தான் போனார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் சொப்பிங் பைக்குள் சொப்பிங் பையாகச் சுற்றி, பங்கருக்குள் தலைமாட்டில் வைத்துப் படுத்தார்கள். நந்திக்கடலில் இறங்கிய சனம் அந்தப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தது. பிறகு செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் மழை வெள்ளம்.

இவ்வளவையும் தாண்டி அந்தக் காகிதம் இருக்கிறது. நீங்கள் கண்டது மடிப்புக் கிழிசலை! வெட்கமாக இல்லையா?

உறுதிதான் வேண்டுமென்றால் வக்கீல் கடிதமே தேவையில்லை. காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துக் காசு கட்டினால் அத்தாட்சிப்படுத்திய பிரதி தருவார்கள். உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் படியும் அங்கேதான் போகிறது. ஆகவே உங்களுக்குத் தேவை அவள் கையிலுள்ள காகிதம் அல்ல, அவளுடைய கையெழுத்து. அதை மிரட்டி வாங்கலாமென்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தரகராக இருக்கும்.

சட்டத்தையும் கேளுங்கள். மரணசாசனம் இல்லாமல் அப்பா அம்மா போயிருந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. நீங்களும் அண்ணாவும் உங்கள் பிரிபடாத பங்குகளைத்தான் விற்கலாம். அதற்கும் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் கூட்டுப் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947இலேயே அதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. தங்கச்சி மனம் வைத்துக் கையெழுத்துப் போட்டாலும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்பதால் கணவரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். பங்குபிரிப்பு வழக்குப் போட்டால் உங்கள் பேரப்பிள்ளைதான் தீர்ப்புக் கேட்கப் போகவேண்டி வரும்.

சுவரைப் பற்றியும் ஒன்று. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு பூசக் கூடாது. ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே நின்று, சில மாரி போனதும் பூச்சு பாளம் பாளமாக உரியும். வாங்க வருகிறவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

வீடு பெண்பிள்ளைக்கு என்பதுதான் யாழ்ப்பாணத்து வழக்கம். சீதனச் சந்தையை நான் ஒருநாளும் ஆதரித்தவள் இல்லை. ஆனாலும் சண்டைக்குள் வெறுங்கையோடு கலியாணம் முடித்து, தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்த பிள்ளைக்குச் சட்டப்படி மூன்றிலொன்று என்று கணக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. வீடு அவளுக்குப் போகவேண்டும். அண்ணா போட்ட காசை அவளால் மெல்ல மெல்லத் திருப்ப முடியுமா என்று பேசுங்கள். அவளே விற்கச் சொன்னால் பாதியாவது அவளுக்கு. இதைத் தங்கச்சியிடம் சொல்லும் முன் கனடாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள், அது உங்கள் வேலை.

திருத்திய வீட்டை அவள் பார்த்தாளா இல்லையா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. இந்த ஞாயிறு வட்டக்கச்சிக்குப் போங்கள். நொத்தாரிசு வேண்டாம், தரகர் வேண்டாம், மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். தங்கச்சி குடும்பத்தை வாகனத்தில் ஏற்றி வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோய், திறப்பை அவள் கையில் கொடுத்துக் கதவைத் திறக்க விடுங்கள். விலைப் பேச்சு அன்றைக்கு எடுக்கக் கூடாது.

ஆனி மாதம் வரை பொறுப்பதாகச் சொன்னவர் பொறுக்கட்டும். பொறுக்காவிட்டால் போகட்டும், வண்ணார்பண்ணையில் வீடு வாங்க ஆளா இல்லை?