நன்றி கெட்ட பர்த்வான்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மேற்கு வங்காளத்தில் உள்ள பர்த்வான் போயிருந்தேன். அரண்மனையில் இப்போது பல்கலைக்கழகம் நடக்கிறது. கடைசி மகாராஜா உதய் சந்த் மஹதாபின் கதை மனதைப் பிசைந்தது. ஊருக்கு இவ்வளவு செய்த குடும்பத்தை 1952 தேர்தலில் நன்றி கெட்ட மக்கள் தோற்கடித்துவிட்டார்கள். 1947இல் வங்கப் பிரிவினைக்கு வாக்களித்த கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கினாரே, அதுதான் காரணமா? அது துரோகமா, ராஜதந்திரமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வங்காளத்து ஜமீன்கள் பற்றித்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

பிரிவினை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1947 ஜூன் 20 அன்று வங்காளச் சட்டமன்றத்தில், முஸ்லிம் அல்லாதோர் அதிகமிருந்த மாவட்டங்களின் உறுப்பினர்கள் தனியாகக் கூடினார்கள். பிரிவினைக்கு ஆதரவாக 58, எதிராக 21. காங்கிரஸும் இந்து மகாசபையும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட விஷயம். தலைமை நாற்காலியில் யார் இருந்தாலும் கணக்கு அதேதான்.

ஆனால் ‘நன்றி கெட்ட மக்கள்’ என்கிறீர்களே, அதை எப்படி விடுவது? யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

1793இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தில், கெடு நாளின் சூரியன் மறைவதற்குள் கிஸ்தி கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போய்விடும். பல பழைய குடும்பங்கள் இப்படித்தான் அழிந்தன. பர்த்வான் ராஜா தேஜ்சந்த் கெட்டிக்காரர். நிலத்தைத் துண்டுதுண்டாக, நிரந்தரக் குத்தகையாக, ‘பட்னி’ என்று பிரித்துக் கொடுத்தார். பட்னிதார் பணம் கட்டவில்லையா, அவர் பங்கு ஏலத்துக்கு வரும். 1819இல் கம்பெனி அரசு இதைச் சட்டமாகவே ஆக்கியது. பட்னிதாருக்குக் கீழே தர்-பட்னிதார், அவருக்குக் கீழே சே-பட்னிதார். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. எல்லாப் பங்கும் உழுகிறவனின் நெல்லிலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் பார்த்து உருகிய மாளிகைக்கும் அதே நெல்தான் ஐயா!

பர்த்வானில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் மகாராஜாவைப் பற்றிக் கேட்டேன். “யானை மேல் பார்த்திருக்கிறோம். வாசலில் வந்து நின்று விளைச்சலில் வாரப் பங்கு கேட்டவன் வேறு ஆள்” என்றார். வெறுப்பே இல்லை அவர் குரலில். அப்புறம் மிஹிதானா என்ற அந்த ஊர் இனிப்பு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று அரைமணி நேரம் விளக்கினார்.

1952க்கு முன்னால் ஓட்டு, வரி கட்டியவருக்கும் படித்தவருக்கும்தான். வங்காளச் சட்டமன்றத்தில் நிலவுடைமையாளர்களுக்கென்றே 5 இடங்கள் தனியாக இருந்தன. 1952இல்தான் வாரத்துக்கு உழுகிற வாரக்காரனிடமும் ஓட்டு கேட்க வேண்டி வந்தது. காங்கிரஸ் வேட்பாளராக நின்ற மகாராஜாவை வென்றவர் கம்யூனிஸ்ட் பினய் சவுத்ரி. மகாராஜா நல்லவராகவே இருந்திருக்கலாம், அதைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக இடைத்தரகர்களை விட்டு வசூலித்துவிட்டு, ஓட்டு மட்டும் நேரில் வந்து கேட்டால் எப்படி?

பழைய மாளிகையைக் கண்டு இளகும் மனசு உங்களுக்கு இருக்கிறது, நல்லது. அடுத்த முறை அந்த மனசோடு பர்த்வானின் வயல் பக்கமும் போய்வாருங்கள். 1977இல் இதே பினய் சவுத்ரி நிலச்சீர்திருத்த அமைச்சரானார். அடுத்த ஆண்டு தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’வில் (பர்கா என்றால் வாரச் சாகுபடி) சுமார் 14 லட்சம் வாரக்காரர்களின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியது. அதுவரை பயிரிட்டதற்கு அவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.