அம்மிச்சி சேர்த்து வைத்த வெள்ளி ரூபாயை மோதிரமாக்கலாமா?

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மிச்சி பெட்டியில் இருந்த வெள்ளி ரூபாய்களும் சில ஓட்டைக் காலணாக்களும் என்னிடம் வந்திருக்கின்றன. காசில் உள்ள எழுத்து தெரிகிற மாதிரி எனக்கும் தங்கச்சிக்கும் மோதிரம் செய்ய முடியுங்களா? உருக்கித்தான் செய்யணும் என்கிறார் ஆசாரி. சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லைங்களே?”

முடியும். உருக்கவே வேண்டாம். காசின் நடுவில் ஓட்டை போட்டு, மீதி வட்டத்தை மடித்து இறக்கினால் விளிம்பை ஒட்டிய எழுத்துகளோடு மோதிரம் வந்துவிடும். ஆனால் சுத்தியல் எடுப்பதற்கு முன்னால், எந்தக் காசை எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் ஒரு காந்தம் எடுங்கள். 1946, 47ஆம் ஆண்டு ரூபாய்கள் பார்க்க வெள்ளி மாதிரியே இருக்கும், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அவை நிக்கல். வளைப்பது கடினம், சிலருக்கு விரலில் அரிப்பும் வரும், விட்டுவிடுங்கள். 1940 முதல் 45 வரை வந்தவற்றில் வெள்ளி பாதிதான், மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். விளிம்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மடிக்கும்போது இவை சுலபமாக வெடிக்கும். உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தையவை: விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள். 91.7 சதவீத வெள்ளி, எடை 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். நிறையவே குறைந்தால் போலியாக இருக்கும்.

அதிலும் தேய்ந்த காசாக, அல்லது மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசாக எடுங்கள். பளிச்சென்று தேயாமல் இருப்பதையும், அரிய ஆண்டுக் காசையும் கெடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. 1939 என்று போட்ட ரூபாய் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், நாணயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வளையம் வைத்த காசில் இன்னொரு கவனம் வேண்டும். பழைய பற்றில் ஈயம் இருந்தால், சூடேற்றும்போது வெள்ளியை அரித்துக் குழி விழவைக்கும். அரத்தால் பற்று முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் நெருப்பில் காட்ட வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே இன்றைய ஐம்பது பைசா, ஒரு ரூபாய், பத்து ரூபாயெல்லாம் வேண்டாம். பிரிட்டிஷ் காலக் காசு செல்லாக்காசு, அந்தத் தடை அதற்குப் பொருந்தாது. நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்லவேண்டும். கரூர் அமராவதி ஆற்றில் சேரர் காசும் ரோமக் காசும் கிடைப்பது தெரிந்ததே. மண்ணில் கிடைத்த காசு எதுவும் பட்டறைக்குப் போகக்கூடாது. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி வேலை. விரலைச் சுற்றி நூல் வைத்து அளவெடுங்கள். 54 மில்லிமீட்டர் வந்தால் உள்விட்டம் 17 சொச்சம். ரூபாய்க் காசின் விட்டம் முப்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் மோதிரத்தின் அகலம் ஒன்பது வரும். பெண்கள் விரலுக்கு அது பட்டையாகத் தெரியும் என்றால் அரை ரூபாயே நன்றாக இருக்கும். ஓட்டை கொஞ்சம் விலகினாலும் மோதிரம் ஒருபக்கம் அகலமாகி அசிங்கமாகிவிடும். லேத்தில் கடைவது நல்லது.

மடிக்கும்போது 12 மில்லிமீட்டர் ஓட்டை 17 ஆக விரிகிறது, 30 மில்லிமீட்டர் விளிம்பு சுருங்குகிறது. விரிசல் எப்போதும் ஓட்டையின் ஓரத்தில்தான் தொடங்கும். அங்கே பிசிறு ஒன்று நின்றால் போதும், அந்த இடத்திலேயே கிழியும். உருட்டு அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் விரல் நுனிக்கு வழவழவென்று ஆகும்வரை இழையுங்கள். பிறகு வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து மங்கிய சிவப்பு வரும்வரை சூடேற்ற வேண்டும். மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், கோடு மறையும்போது பதம் வந்துவிட்டது என்று அறியலாம். அதற்கு மேல் சூடு வைத்தால் எழுத்து மழுங்கும். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போடுங்கள். கூம்புக் கம்பியில் ஏற்றி மரச்சுத்தியலாலோ நைலான் சுத்தியலாலோ கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அடிக்கு எதிர்ப்புத் தெரிந்ததும் மறுபடி சூடேற்றுங்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் காசை உடைக்கிறார்கள்.

எழுத்து எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று மடிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அப்புறம் மாற்ற முடியாது. கருத்துப்போனதை எலுமிச்சை உப்பு கரைத்த சூடான தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம். பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தால் பளபளப்பு கூடும். எழுத்தின் பள்ளத்தில் கறுப்பு கொஞ்சம் தங்கட்டும், அப்போதுதான் படிக்க முடியும்.

ஓட்டைக் காலணா 1943 முதல் 47 வரை வந்தது. ஓட்டை ஏற்கனவே இருப்பதாலும் எழுத்தும் ஆண்டும் அதைச் சுற்றியே இருப்பதாலும் பழகிக்கொள்ள அதைவிட நல்ல காசு இல்லை. வெண்கலம் என்பதால் வியர்வையில் விரல் பச்சையாகும், கழுவினால் போய்விடும்.

யாரிடம் கொடுப்பது? நகைக்கடைகளில் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர்களிடம், “உருக்க வேண்டாம், மடித்துக் கொடுங்க” என்று விளக்கிச் சொல்லிப் பாருங்கள். கூம்புக் கம்பியும் அச்சும் கடைந்து தர கோவை கணபதியில் லேத் பட்டறைகள் இருக்கின்றன.

கொடுக்கும்போதே ஒன்று கேட்டு வையுங்கள். ஜார்ஜ் ரூபாயில் ஆண்டு நடுவட்டத்துக்குள் இருப்பதால் ஓட்டை போடும்போது பெரும்பாலும் போய்விடும், ராஜா தலையும் போகும். துரப்பணத்தால் துளைத்தால் தூளாகிவிடும். அச்சில் வைத்து வெட்டினால் வில்லையாகக் கையில் வரும். சுமார் 1.8 கிராம் வெள்ளி அது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், வில்லை எங்களுக்கு வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு கொக்கி வைத்தால் தங்கச்சி மகளுக்கு டாலர் ஆகும்.