முழுதாக எடுத்தவர்களையும் பயாப்ஸி செய்தவர்களையும் ஒப்பிடலாமா?

கேள்வி: எங்கள் துறையில் பத்து ஆண்டு கிளியோமா (ஒரு வகை மூளைக் கட்டி) கேஸ் ஷீட்டுகள் இருக்கின்றன. கட்டியை முழுதாக எடுத்தவர்கள் ஒரு குழு, பயாப்ஸி (சோதனைக்குச் சிறு துண்டு எடுப்பது) மட்டும் செய்தவர்கள் ஒரு குழு எனப் பிரித்து, ஆயுளை ஒப்பிட்டுத் தீசிஸ் எழுதலாமா? (எம்.சி.எச். மாணவர்)

பதில்: இந்தப் பிரிப்பு வேண்டாம். பயாப்ஸியோடு யாரை நிறுத்துகிறோம்? முதியவர், படுத்த படுக்கையாக வந்தவர், மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸில் கட்டி உள்ளவர், இரு பக்கமும் கட்டி பரவியவர். கத்தி வைக்கும் முன்பே அவர்களுக்கு ஆயுள் குறைவு. அந்த வித்தியாசத்தையும் சேர்த்து ஆபரேஷன் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே இருந்த ஒன்றை வைத்துத்தான் குழு பிரிக்க வேண்டும்.

2012-ல் வெளியான நார்வே ஆய்வைப் பாருங்கள். குறைந்த கிரேடு (மெதுவாக வளரும்) கிளியோமாவுக்கு ட்ரோன்ஹைம் மருத்துவமனையில் சீக்கிரமே கட்டியை எடுப்பார்கள். ட்ரோம்சோவில் பயாப்ஸி செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். யார் எங்கே போவது என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. 153 பேரையும் மருத்துவமனை வாரியாகவே ஒப்பிட்டார்கள். ட்ரோன்ஹைமிலும் 14 சதவீதம் பேருக்குப் பயாப்ஸி மட்டும்தான் நடந்தது. ஆனாலும் அவர்களை எதிர்க் குழுவுக்கு மாற்றவில்லை. ஐந்தாண்டு உயிர்வாழ்வு ட்ரோன்ஹைமில் 74 சதவீதம், ட்ரோம்சோவில் 60. இந்த வித்தியாசத்தை நம்பலாம்.

உங்கள் துறையில் யூனிட் (டாக்டர் குழு) வாரியாக அட்மிஷன் நாள் பிரித்திருந்தால், அதே வழி உங்களுக்கும் உண்டு. முதலில் ஒவ்வொரு யூனிட்டின் பயாப்ஸி விகிதத்தை எண்ணுங்கள். விகிதம் ஒன்றாக இருந்தால் ஒப்பிட எதுவும் இல்லை. வேறுபட்டால் யூனிட்டுகளையே குழுக்களாக வையுங்கள். டாக்டர் பெயர் சொல்லித் தேடி வந்தவர்களைத் தனியே குறியுங்கள். அவர்கள் எந்த யூனிட்டுக்குப் போனார்கள் என்பது நாளைப் பொறுத்தது அல்ல.

அந்த வசதி இல்லையென்றால், ஆபரேஷனுக்கு முந்தைய எம்.ஆர்.ஐ. படங்களைப் பெயர் மறைத்து இரண்டு சர்ஜன்களிடம் கொடுங்கள். நோயாளிக்கு என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. ‘எடுக்க முடியும்’ என்று இருவரும் சொன்ன கேஸ்களை மட்டும் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, நாள் கணக்கு. எல்லோருக்கும் முதல் ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணுங்கள். ‘கதிர்வீச்சு முடித்தவர்கள் மட்டும்’ என்று வடிகட்டினால், ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் இறந்தவர்கள் கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள். பல தீசிஸ்கள் சறுக்குவது இங்கேதான்.

வயது, கார்னோஃப்ஸ்கி மதிப்பெண் (அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறன்), கட்டியின் இடம், அளவு, ஐ.டி.எச். நிலை (கட்டியில் அந்த மரபணு மாறியுள்ளதா என்பது) ஆகியவை இரு குழுவிலும் எப்படி இருக்கின்றன என்று முதல் அட்டவணையிலேயே காட்டுங்கள். பழைய ஸ்லைடுகளை 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி மறுபடி படிக்கச் சொல்லுங்கள். சிறு பயாப்ஸித் துண்டில் கிரேடு குறைவாகத் தெரியவும் வாய்ப்புண்டு. மிச்சக் கட்டியை 72 மணி நேரத்துக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ.-யில் மட்டுமே அளவிடுங்கள். அதற்குப் பிறகு ஆபரேஷன் காயமே கான்ட்ராஸ்ட் மருந்தில் ஒளிர்ந்து குழப்பும்.

2006-ல் வெளியான ஜெர்மன் 5-ஏ.எல்.ஏ. (ஆபரேஷனில் கட்டியை ஒளிரச் செய்யும் மருந்து) சோதனை ரேண்டமைஸ் செய்யப்பட்டது, அதாவது யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். அதன் நோயாளிகளையே பிறகு ‘முழுதாக எடுத்தவர், மிச்சம் இருந்தவர்’ என்று பிரித்தபோது, முழுதாக எடுத்தவர்கள் இளையவர்களாகவும் பாதுகாப்பான இடத்தில் கட்டி உள்ளவர்களாகவும் இருந்தார்கள். ஆய்வாளர்கள் அதைச் சரிக்கட்டிய பிறகே ஆயுளைப் பற்றிப் பேசினார்கள். நீங்கள் பிரிக்க நினைத்ததும் இதே கோட்டில்தான். ரேண்டமைஸே செய்யாத பதிவில் சாய்வு இன்னும் கூடும்.