40இல் மட்டும் கலங்குகிறதா? வழுக்கியைப் புரட்டிப் பாருங்கள்

தங்கச்சி, நுணுக்குக்காட்டியின் 10 மடங்குப் பொருள்வில்லையில் (மாதிரிக்கு நேர் மேலுள்ள வில்லையில்) வெங்காயத் தோல் தெளிவாகத் தெரிகிறது, 40க்குத் திருப்பினால் என்ன செய்தும் கலங்கலாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நுணுக்குக்காட்டியில் பழுது இருக்காது. பெரும்பாலும் வழுக்கி, அதாவது மாதிரி வைத்த கண்ணாடித்தகடு, தலைகீழாக இருக்கும்.

40 மடங்கு வில்லை மாதிரியை அரை மில்லிமீற்றர் அளவுக்கு நெருங்கினால்தான் குவியும். இடையில், மாதிரியின்மேல் மூடும் 0.17 மி.மீ. மெல்லிய மூடுகண்ணாடி மட்டுமே இருக்கும் என்ற கணக்கில்தான் அதைச் செய்கிறார்கள். வழுக்கியின் தடிப்போ ஏறத்தாழ 1 மி.மீ.; அது குறுக்கே நின்றால் குவியமே கிடைக்காது. 10 மடங்கு வில்லைக்கு இடைவெளி பல மில்லிமீற்றர், ஆகவே அது பொறுத்துக்கொள்ளும்.

சரியாக வைத்தும் கலங்கினால் வில்லையின் நுனியைப் பாருங்கள். நீர் பட்டிருக்கலாம், யாழ்ப்பாணத்து மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். வில்லைத்தாளால் மெதுவாக ஒற்றுங்கள். தயவுசெய்து துணியால் தேய்க்காதீர்கள், ஒரு நல்ல வில்லை அப்படிக் கீறுபட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

40இல் குவியப்படுத்தும்போது பெரிய திருகியைத் தொடவே வேண்டாம், சிறியது போதும். இந்த வில்லை 10 மடங்குக் கண்வில்லையோடு சேர்ந்து தரும் 400 மடங்கில் வெளிச்சம் குறையும்; மேடைக்குக் கீழுள்ள ஒளித்துவாரத்தைச் சற்று அகலத் திறவுங்கள். அயடீன் ஒரு துளி விட்டிருந்தால், கலச்சுவரோடு ஒட்டியபடி மஞ்சட்கபிலப் புள்ளியாகக் கரு தெரியும்.